ஒரு படிக்கு ஆமென்

பங்கிராசுக்கு நிலம் இல்லை, மாடு இல்லை, எழுத்து தெரியாது. குரல் இருந்தது.

உத்தமபாளையத்துக்குத் தெற்கே ஆற்றை ஒட்டி வேதக்காரத் தெரு என்று ஒரு தெரு. அங்கிருந்த கோயில் மணியில் விரிசல் விழுந்து, அது தகரத்தைத் தட்டினாற்போல் சத்தம் போட ஆரம்பித்ததும் சனங்கள் மணியை விட்டுவிட்டார்கள். பங்கிராசைத் தெருமுனையில் நிறுத்தி, "செபத்துக்கு வாங்க" என்று ஒரு சத்தம் கொடுக்கச் சொன்னார்கள். வாய்க்காலுக்கு அக்கரையில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையைக் கழுவினார்கள். அந்தக் குரல் எத்தனை கெஜம் போகும் என்று யாரும் அளந்து வைக்கவில்லை. இனி அளக்க வழியில்லை.

சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் செபம் நடத்துவது பங்கிராஸ். வரியைத் தூக்கிச் சொல்வார். கடைசி வார்த்தையில் குரலை இறக்குவார். இறங்கிய இடத்தில் சனம் பதில் சொல்லும். பகலெல்லாம் சேற்றில் நின்ற சனம். பாதிப் பேர் தூங்கிக்கொண்டேதான் பதில் சொல்வார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. தூங்குகிற வாயிலிருந்தும் பதில் வாங்குகிற குரல் தன்னுடையது என்று ஒரு பெருமைகூட உண்டு. அந்தப் பெருமைதான் ஊருக்கு வினையாக வந்தது.

மலைமேல் பெரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அங்கே கூலி காசாகக் கிடைத்தது, கூடவே காய்ச்சலும் கிடைத்தது. போனவர்களில் சிலர் வெள்ளிக்காசோடு வந்தார்கள். சிலர் நடுக்கத்தோடு வந்தார்கள். சிலர் வரவில்லை. அப்படியும் கோடைக்கு நின்ற வேலை மறுபடி தொடங்கி, ஆள் பிடிக்கிற மேஸ்திரி மலையடிவாரத்தில் வந்து நின்றால் கூட்டம் சேர்ந்தது. காரணம் எளிது. கீழே, வயலில், நடவுக்கு ஆளுக்கு ஒரு படி கேப்பை. பஞ்சத்துக்கு முன்னால் வைத்த படி அது. பஞ்சம் வந்தது, போனது. விலை ஏறியது. மலைமேல் ஆற்றையே நிறுத்தப்போகிறார்கள். படி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

"ஒன்றரைப் படி" என்று முதலில் வாயைத் திறந்தவள், சேர்ந்து நடவுக்கு இறங்கும் பெண்கள் கூட்டமான கொத்தின் தலைவி செபஸ்தியம்மாள். சொன்னது வாய்க்காலில், துணியை அலசிக்கொண்டே. சாயங்காலத்துக்குள் அது பெரிய பண்ணை வீரபாண்டியின் காதுக்குப் போனது. மறுநாள் காலையில் அதற்குப் பெயர் கலகம். வீரபாண்டி உத்தமபாளையத்தில் இருந்த சர்க்கார் அதிகாரிக்கு ஆள் அனுப்பினார். அணைவேலைக் கூலியால் பள்ளத்தாக்கு கெடுகிறது, இரண்டு தரப்பையும் வந்து கேட்க வேண்டும் என்று. ஒரு தரப்பு மட்டும் பேசினால் நன்றாக இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

கூலிக்காரர் தரப்பில் யார் பேசுவது? சந்தேகமே வரவில்லை. ஊரில் குரல் ஒன்றுதான்.

பங்கிராசின் மனைவி இருதயம்மாள் அந்தக் கொத்தில் நடுகிறவள். அந்த வீட்டில் வருஷத்தில் பாதி நாள் உலை கொதித்தது அவள் கொண்டுவந்த படியில். கூட்டத்துக்குப் புறப்படும்போது அவள் வாசலை மறித்து நின்றாள்.

"ரெண்டே வார்த்தை. ஒரு படி பத்தல, ஒன்னர வேணும். அம்புட்டுத்தான். அதுக்கு மேல பேசுனீக, அங்கனயே படுத்துக்கங்க. வீட்டுக்கு வராதீக."

"அடியே, எடுத்த எடுப்புல கேக்குறவன் பிச்சைக்காரன். மாதாகிட்டயே மொதல்ல தோத்திரம், அப்புறந்தான மன்றாட்டு? முறைன்னு ஒன்னு இருக்குல்ல."

"மாதாவுக்குப் பொறுமை இருக்கு. பண்ணைக்காரருக்கு இருக்குமா?"

"நீ வந்து பாரு" என்றார் பங்கிராஸ். அவள் வந்து பார்த்தாள். ஊரே வந்து பார்த்தது.

பண்ணைக் களத்தில் கூட்டம். அதிகாரிக்கு நாற்காலி. வீரபாண்டிக்கும் போடி பஜார் தானிய வியாபாரி பொன்னுராஜுக்கும் பெஞ்சு. மற்றவர்களுக்குத் தரை. மேகமலைப் பக்கம் சாரல் இறங்கத் தயாராக நின்றது.

முதலில் வீரபாண்டி.

"ஐயா, ஒன்னரப் படி குடுத்தா என்ன ஆகும்? இன்னைக்கு வாங்குனவ நாளைக்கு வரமாட்டா. வீட்டுல கஞ்சி இருக்குல்ல. வயிறு நெறைஞ்சா கை ஓடாது. நான் அவுக நல்லதுக்குச் சொல்றேன்."

அவருடைய வயிறு அவருக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஆகவே அனுபவத்தில் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பொன்னுராஜ். புராட்டஸ்டாண்டுக்காரர். மதுரையில் இங்கிலீஷ் படித்தவர். அணைவேலைக் கொட்டகைகளுக்கு வண்டி வண்டியாகத் தானியம் அனுப்புகிறவர். "கூலி ஏறினா வெலை ஏறும். வெலை ஏறினா மொதல்ல சாகுறவன் ஏழை. அதனால ஏழை மேல இரக்கம் உள்ளவன் கூலிய ஏத்தக் கூடாது. இது நான் சொல்லல, சாஸ்திரம் சொல்லுது" என்றார். அந்த வருஷம் அவர் கடையில் கேப்பை விலை ஏறிக்கொண்டே இருந்தது. கூலி ஏறவே இல்லை. சாஸ்திரத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்க இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேறு யாரும் களத்தில் இல்லை.

மூன்றாவதாகத் துண்டுநிலக்காரர் சுருளியாண்டி எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "எனக்கு இருக்குறது கால்காணி. ஒரு படி அளக்கவே மூச்சு முட்டுது. ஒன்னரன்னா நானும் எம் பொண்டாட்டியுந்தான் எறங்கணும்."

பெண்கள் பக்கமிருந்து செபஸ்தியம்மாள் குரல் கொடுத்தாள். "ஒமக்கு நாங்க சும்மா எறங்குறோம்யா. எங்க கோயில் கூரை மேய ஒரு நாள் நீரு வாரும். சரியாப் போச்சு. பேச்சு பெரிய பண்ணையப் பத்தி."

சுருளியாண்டி சொன்னது நிஜம். அவள் சொன்ன பதிலும் நிஜம். அன்றைக்குக் களத்தில் பேசியதில் உருப்படியானது அந்த இரண்டுதான். அதிகாரி அந்த நேரம் பேனாவின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கூலிக்காரர்கள் தரப்பில் யார்?"

பங்கிராஸ் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். தொண்டையைச் செருமினார். தெருச் சனம் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டு, கையைக் கோத்து, அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. கோயிலில் உட்காருவது போலவே. அதுதான் வினை.

"பஞ்சகாலத்துல எங்கள வெரட்டாம வச்சிருந்த எசமானே" என்று தூக்கினார். கடைசி வார்த்தையில் குரல் தானாக இறங்கியது. பழக்கம்.

பின்வரிசையில் கண்ணை மூடியிருந்த ஒரு கிழவி, "ஆமென்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் சொன்னார்கள்.

பங்கிராஸ் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவருக்கு முகம் மலர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் பேசியபோது ஒரு காக்கைகூடப் பதில் சொல்லவில்லையே.

"மழை பெஞ்சாலும் காஞ்சாலும் எங்களுக்கு வேலை குடுக்குற எசமானே."

"ஆமென்" என்றது களம்.

இரண்டு தோத்திரத்தோடு நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்பதாகத்தான் அவர் வந்தது. ஆனால் பதில் வர வர வாய் நிற்கவில்லை. சரிவு கண்ட தண்ணீர் மாதிரி. எசமானின் களத்தைப் புகழ்ந்தார், கிணற்றைப் புகழ்ந்தார், பிறக்காத பேரனைப் புகழ்ந்தார். எல்லாவற்றுக்கும் ஆமென். இருதயம்மாள் பெண்கள் வரிசையிலிருந்து, "கேளுங்க! கேட்டு முடிங்க!" என்று பல்லைக் கடித்தாள். அவர் கையை உயர்த்தி அமர்த்தினார். தோத்திரம் இன்னும் முடியவில்லை.

"ஒத்தப் படின்னாலும் தலை தட்டாம, குவிச்சு அளக்குற எசமானே!"

"ஆமென்!"

இதைத்தான் சனம் எல்லாவற்றையும்விடச் சத்தமாகச் சொன்னது. அதற்குள் தூங்கினவர்களும் எழுந்துவிட்டார்கள்.

அதிகாரி பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

வீரபாண்டிக்குத் தெரியாது. பொன்னுராஜுக்குத் தெரியும். "அப்படியே ஆகட்டும்னு அர்த்தம் சார். எங்க வேதத்துல அதுக்கு மேல சத்தியம் கெடையாது."

அதிகாரி எழுதினார். சாரல் இறங்கியது. காகிதம் நனையக் கூடாது என்று எழுந்தார். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டினான்.

"ஆனபடியினாலே, எசமானே" என்று பங்கிராஸ் மன்றாட்டைத் தொடங்கியபோது அதிகாரியின் ஒரு கால் வண்டிக்குள் இருந்தது. ஒன்றரைப் படி என்ற வார்த்தை பங்கிராசின் வாயிலிருந்து வந்தது உண்மை. கேட்டது மழை.

அன்று சாயங்காலம் பண்ணையிலிருந்து ஒரு புது வேட்டி வந்தது. மறுக்கத் தெரியாமல் பங்கிராஸ் வாங்கிக்கொண்டார். இருதயம்மாள் அதை வீட்டுக்குள் விடவில்லை. வேலியில் போட்டாள். தெரு முழுக்க நடந்துபோய்ப் பார்த்தது. விளக்கம் கேட்க யாரும் வரவில்லை. வேட்டியே சொல்லிவிட்டது.

அன்று ராத்திரி செபத்துக்குச் சனம் வந்தது. அதில் குறை வைக்கவில்லை. பங்கிராஸ் முதல் வரியைத் தூக்கினார், இறக்கினார். பதில் இல்லை. இரண்டாவது வரி. பதில் இல்லை. குழந்தை ஒன்று வாயைத் திறந்தது, தாய் பொத்தினாள். செபமாலை முழுவதையும் அவரே இரண்டு பக்கமும் சொல்லி முடித்தார். மூச்சு வாங்கியது. வெளியே வரும்போது செபஸ்தியம்மாள், "நல்லா இருந்துச்சு அண்ணே. ஒத்த ஆளே ரெண்டு பேரு வேலைய ஒரு படிக்குச் செஞ்சுட்டீகளே" என்றாள்.

அடுத்த நாள் பங்கிராஸ் உத்தமபாளையத்துக்கு நடந்தார். அதிகாரியின் கச்சேரி வாசலில் வெயில் சாயும்வரை நின்றார். உள்ளே கூப்பிட்டார்கள்.

"சாமி, நான் கேக்க வந்தத இன்னும் கேக்கல. அது வெறும் தோத்திரம்."

"நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்களா, இல்லையா?"

"சொன்னோம் சாமி. ஆனா அது எங்க வாயி பழக்கத்துல..."

"பழக்கமோ வழக்கமோ, ஏகமனதாகச் சொன்னீர்கள். ஒரு படி போதும் என்று எழுதி மேலே போய்விட்டது. இவ்வளவு ஒற்றுமையான கூலிக்காரர்களை நான் எந்தக் கிராமத்திலும் பார்த்ததில்லை" என்று அதிகாரி மனதாரப் பாராட்டினார். பங்கிராசுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே அரசாங்கப் பாராட்டு அதுதான்.

அந்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். பண்ணையின் நாற்றங்கால் முழங்கால் உயரம் வந்து, நுனி பழுக்க ஆரம்பித்தது. தொளி அடித்துச் சேறாக்கிய வயல் தயாராகக் கிடந்தது. நடுவதற்கு ஆள் இல்லை. செபஸ்தியம்மாளின் கொத்தில் ஒருத்திக்கும் உடம்பு சரியில்லை. எல்லாருக்கும் ஒரே நோவு, ஒரே இடத்தில். மேஸ்திரி அடிவாரத்தில் வந்து நிற்கிறான், கொத்தோடு மலை ஏறப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

வீரபாண்டி பங்கிராசைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏலே, ஒங்க ஆளுக எல்லாம் ஆமென்னு சொன்னாகளா இல்லையா? அதிகாரி முன்னாடி சொன்னாகளா இல்லையா?"

"சொன்னாக எசமான்."

"அப்ப கூட்டிட்டு வா. நாத்து முத்துதுல்ல."

பங்கிராஸ் தெருவுக்குப் போனார். செபஸ்தியம்மாள் வீட்டு வாசலில் கொத்தே உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. இருதயம்மாளும் அங்கேதான் இருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எறங்குங்க ஆத்தா. நாத்துப் பாவம் பொல்லாதது" என்றார்.

"சனங்க ஆமென்னு சொன்னது யாருக்கு அண்ணே? ஒமக்கு. ஒம்ம ஆமென்ன நீரே கொண்டுபோய் நடும். வேட்டி புதுசு இருக்கு, மடிச்சுக் கட்டும்" என்றாள் செபஸ்தியம்மாள்.

சிரிப்பு தெருவைத் தாண்டிக் கேட்டது.

பங்கிராஸ் பண்ணைக்குத் திரும்பினார். மலைக்குப் போகிற பேச்சு நிஜமானால் அதில் இருதயம்மாளும் போவாள் என்பது அவருக்குத் தெரியும். கொத்தை விட்டு அவள் பிரியமாட்டாள். மலைக்காய்ச்சல் தலைவி யார், நடவுக்காரி யார் என்று பார்க்காது. போனவர்களில் வராதவர்களுக்காக அவர்தான் செபம் சொன்னார். ஒவ்வொரு பெயரும் ஞாபகம் இருந்தது.

அவர் நேரே நாற்றங்காலுக்குப் போனார். நாற்று முடியை அள்ளிக்கொண்டு வயலில் இறங்கினார்.

நடவு பெண்கள் வேலை. ஆண்கள் நாற்றுப் பறிப்பார்கள், சுமப்பார்கள், வரப்பில் நின்று குறை சொல்வார்கள். பங்கிராசும் வாழ்நாளெல்லாம் குறை சொல்லியிருக்கிறார். குனிந்த பிறகுதான் தெரிந்தது, குறை சொல்வதற்கும் இடுப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று. விரல் சேற்றுக்குள் எவ்வளவு போக வேண்டும் என்பது தெரியவில்லை. ஒன்றில் ஆழம் போதாது, மிதந்தது. அடுத்ததில் ஆழம் அதிகம், மூழ்கியது. வரிசை மட்டம் இல்லை, இடைவெளி சரியில்லை, நட்ட கோடு மேற்கே பார்த்துத் தொடங்கித் தெற்கே போய் முடிந்தது. நின்ற நாற்றைவிட மிதந்த நாற்று அதிகம். மிதந்ததெல்லாம் தண்ணீரோடு மெல்ல நகர்ந்து மடைவாயில் போய்ச் சேர்ந்து அடைத்தது.

செய்தி தெருவுக்கு ஓடியது. கொத்து முழுக்க நோவு நீங்கி எழுந்து வரப்புக்கு வந்தது.

"குலவை போடுங்கடி! புதுப்பொண்ணு நடவுக்கு எறங்கியிருக்கு!" என்றாள் செபஸ்தியம்மாள்.

போட்டார்கள். பங்கிராஸ் நிமிரவில்லை. நிமிர முடியவும் இல்லை.

வீரபாண்டி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மடையைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, நாசமாப் போறவனே! ஏறுலே மேல! இதுக்குப் பேரு நடவாலே?"

பங்கிராஸ் சேற்றுக் கையை முழங்காலில் ஊன்றி அவரைப் பார்த்தார். வாயில் தோத்திரம் எதுவும் வரவில்லை. இடுப்பு வலி விடவில்லை.

"ஒரு படிக்கு இம்புட்டுத்தான் எசமான் வரும்."

அவ்வளவுதான். அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு.

வீரபாண்டி வரப்பில் நின்ற பெண்களைப் பார்த்தார். பழுத்துக்கொண்டிருந்த நாற்றங்காலைப் பார்த்தார். சாஸ்திரம் பஜாரில் இருந்தது. நாற்று இங்கே இருந்தது.

"கூலிய ஏத்த மாட்டேன். அதிகாரி எழுதிட்டுப் போயாச்சு, வாக்கு மாற மாட்டேன்" என்றார். தூக்கிய வேட்டியை இறக்கிவிட்டார். "கூலி ஒரு படிதான். சாரல்ல நனையுறீக, பாவம். அதுக்காகச் சந்தோஷமா ஒரு அரைப் படி போடுறேன். அது தருமம். கூலியில சேத்தி இல்ல."

"பேரு என்ன வேணா வச்சுக்கங்க எசமான். படிய மட்டும் தலை வழிக்காம அளங்க" என்று செபஸ்தியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

பெண்கள் இறங்கினார்கள். முதல் வேலையாகப் பங்கிராஸ் நட்டதையெல்லாம் பிடுங்கினார்கள்.

இப்படியாக அந்த ஊரில் கூலி ஏறாமலே ஏறியது. பெரிய பண்ணை தருமம் செய்ததால் மற்றப் பண்ணைகளும் தருமம் செய்ய வேண்டியதாயிற்று. சுருளியாண்டியின் கால்காணியைக் கொத்து சும்மா நட்டுக்கொடுத்தது. அவர் கோயில் கூரையில் ஏறி மேய்ந்தார். வயிறு நிறைந்ததால் யாருக்கும் கை ஓடாமல் போகவில்லை. மேகமலை இருந்த இடத்தில் இருந்தது. கோயிலிலும் பதில் திரும்பி வந்தது, ஆனால் முன்போல் உடனே வராது. பங்கிராஸ் என்ன சொல்கிறார் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் சனம் ஆமென் சொன்னது. அவருக்கு அந்த இடைவெளி சாகும்வரை உறுத்தியது. அதிகாரி எழுதியதை யாரும் திருத்தவில்லை. இன்று பங்கிராஸ் மண்ணுக்குள் இருக்கிறார். எழுத்தின்படி ஒரு படியில் திருப்தியாக இருக்கிறார்.

அந்த முதல் நாள் சாயங்காலம் களத்தில் அளந்து போட்டார்கள். இருதயம்மாள் முந்தியில் ஒரு படியும், தனியாக ஒரு சின்னப் பையில் அரைப் படியும். பங்கிராசும் வரிசையில் போய் நின்றார்.

"மெதந்ததுக்குக் கூலி கெடையாது" என்றார் வீரபாண்டி. அதில் நியாயம் இருந்தது.

வெறுங்கையோடு நின்றவரிடம் இருதயம்மாள் அரைப் படிப் பையைக் கொடுத்தாள். பல நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை, "தூக்குங்க" என்பது.

தெருமுனையில் பொன்னுராஜின் வண்டி நின்றது. உப்பும் கருவாடும் விற்றுக்கொண்டு, தானியம் வாங்கிக்கொண்டு. அவரே மேலே உட்கார்ந்திருந்தார்.

"கேப்பை வெலை ஏறிருச்சு ஆத்தா. நான் அன்னைக்கே களத்துல சொன்னேன்ல? கூலிய ஏத்துனீக, வெலை ஏறிருச்சு."

"எப்ப ஏறுச்சு?"

"இப்பத்தான்."

"நாங்க இன்னும் வீட்டுக்கே போய்ச் சேரல. அதுக்குள்ள அது ஏறி ஒக்காந்துருச்சா?" என்றாள் இருதயம்மாள். பிறகு நின்று யோசித்தாள். "சரி, ஏறட்டும். எங்ககிட்ட அரைப் படி இருக்கு. அந்த ஏறுன வெலைக்கே எடுத்துக்கங்க. உப்பும் கருவாடும் குடுங்க."

பொன்னுராஜ் சிரித்தார். "விக்கிற வெலை வேற, வாங்குற வெலை வேற ஆத்தா."

"அது எந்தச் சாஸ்திரத்துல இருக்கு?"

பக்கத்தில் பங்கிராஸ் துண்டை இடுப்பில் கட்டினார். தொண்டையைச் செருமினார். "போடி பஜாருக்கே வெளக்கா இருக்குற மொதலாளியே" என்று தூக்கினார்.

இருதயம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "மொதல்ல வெலையச் சொல்லுங்க."

பங்கிராஸ் அந்த ஏறின விலையையே சொன்னார். நாலு வீடு தள்ளிக் கேட்டது. வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக அரைப் படிப் பையோடு வெளியே வந்து, வண்டியைச் சுற்றி நின்று, அதே விலையைச் சொன்னார்கள்.